சுவருக்கு வெளியே பைலா

கிளேரக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். அங்கேதான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது.

கிளேரக்கா எங்கள் பக்கத்து வீடு. எங்கள் ஒழுங்கையின், இந்தச் சின்னத் தெருவின், செபக் கூட்டத்துக்கு அவர்தான் தலைவி. செபம் சொல்லுவார், நோயாளிகளைப் பார்க்கப் போவார், எல்லாம் செய்வார். ஆனால் காரணமில்லாமல் சிரிக்க மாட்டார். எங்கள் வேலிக்கு இந்தப் பக்கம் சாய்ந்து காய்க்கிற அவருடைய முருங்கையில் ஒரு காய்கூட எங்களுக்கு என்று வந்ததில்லை. கொக்கத்தடியை வேலிக்கு மேலால் நீட்டி, ஒன்று விடாமல் பறித்துக்கொள்வார். அப்படிப்பட்டவர் ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று எனக்குச் சிரிக்கிறார் என்றால்…?

எனக்குச் சிரித்துவிட்டு, என் மனைவி பிலோமினாவிடம் சொன்னார்:

“பிள்ளை, இந்த முறை ஆறாம் நிலையை எங்கட வாசலில வைப்பம் எண்டு யோசிச்சிருக்கிறம். ஒவ்வொரு வருஷமும் உமக்குத்தானே கரைச்சல்.”

“அதுக்கென்னக்கா” என்றாள் பிலோமினா. அவ்வளவுதான்.

வெளியூர் வாசகர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் ஒழுங்கையில் சிலுவைப்பாதை நடக்கும். இயேசு சிலுவை சுமந்து போனதை நினைக்கிற பதினான்கு நிலைகளுக்கும் பதினான்கு வாசல்கள். ஒவ்வொரு வாசலிலும் மேசை வைத்து, படம் வைத்து, மெழுகுதிரி கொளுத்திக் காத்திருப்பார்கள். ஆறாம் நிலை வெரோணிக்கம்மாளுடையது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து இயேசுவின் முகத்தைத் துடைத்தாரே, அவர். பிலோமினா கலியாணமாகி வந்த வருஷம் தொடக்கம் அந்த நிலை எங்கள் வாசலில்தான். ஓலைத்தொடுவாய் ஊரில் இருக்கிற தாய் வீட்டிலிருந்து கொண்டு வந்த வெள்ளைத் துணியை மேசையில் விரிப்பாள். அவளே ஒரு பாட்டும் பாடுவாள். வருஷம் முழுக்க வீட்டில் என் கதையைக் கேட்கிறவள் அவள். அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் முழு ஒழுங்கையும் அவளைக் கேட்கும்.

அந்த வாசலைத்தான் கிளேரக்கா சிரித்துக்கொண்டே எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் பிலோமினா கஞ்சி போட்டு மினுக்கி வைத்திருந்த துணியை மடித்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கரைச்சலாம், சிரமமாம்! யாருக்குக் கரைச்சல்?

பத்திரிகையில் இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என் குணம் தெரியும். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்க மாட்டேன். காஸ் சிலிண்டரை ஒருமுறை ஆட்டிப் பார்க்காமல் கடையை விட்டு இறங்க மாட்டேன். யாராவது என்னைப் புகழ்ந்தால் சட்டைப் பையைத் தொட்டுப் பார்ப்பேன். இப்படிப்பட்டவனுக்கு இப்படி ஒரு காரியம் கிடைத்தால் விடுவேனா?

முதலில் இந்தப் பத்தி மேலேயே சந்தேகப்பட்டேன். பூசைக்குப் பிந்தி வந்து முன் வாங்கில் இருப்பவர்களைப் பற்றி அண்மையில் எழுதியிருந்தேன், நினைவிருக்கும். கிளேரக்கா பிந்தி வருகிறவர் இல்லை. ஆனால் அவருடைய தங்கை…? எடுத்து மறுபடி வாசித்தேன். பெயர் இல்லை, ஆனால் சேலையின் நிறம் இருக்கிறது. அடடா!

இரண்டாவது சந்தேகம் முருங்கை மேலே. வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு கொப்பு காற்றுக்கு முறிந்து விழுந்தது. நான்தான் முறித்தேன் என்று நினைத்திருப்பாரோ?

யோசிக்க யோசிக்க, அறிகுறிகள் முன்பே இருந்தது தெரிந்தது. தவக்கால வெள்ளிகளில் “பிள்ளை, கஞ்சி இறக்கியாச்சு, ஏனத்தைக் கொண்டு வாரும்!” என்று வேலிக்கு மேலால் வருகிற கிளேரக்காவின் குரல் இந்த வருஷம் வரவேயில்லை. காலையில் பாண் விற்க வருகிற ஓட்டோவைச் சுற்றி நிற்கும் பெண்கள் நான் போனதும் கதையை நிறுத்தினார்கள். அதில் ஒருவர் மட்டும் ஒருநாள் கேட்டார்: “என்ன அண்ணை, பின்னேரத்தில வீடு நல்ல கலகலப்பாக் கிடக்குது?”

“ஓம், கடவுளின்ர கிருபை” என்றேன் நான்.

அவர் பாணை மார்போடு அணைத்துக்கொண்டு வேகமாகப் போய்விட்டார். கிருபை என்றால் ஒரு கிறிஸ்தவப் பெண் ஏன் ஓட வேண்டும்?

பிலோமினாவிடம் சொன்னேன். “நீங்கள் சும்மா இருங்கோ. அவைக்கு வேணுமெண்டா வைச்சிருக்கட்டும்” என்றாள். ஆனால் அன்று பின்னேரமும் அவள் பாடிப் பார்த்தாள். வாசல் போனாலும் பாட்டு நிற்கவில்லை.

இந்தப் பாட்டு விஷயத்தையும் சொல்ல வேண்டும். இலுப்பைக்கடவையில் பிலோமினாவுக்கு ஒரு மச்சாள் இருக்கிறார், சங்கீத ரீச்சர். வெரோணிக்கம்மாளுக்கென்று அவர் இந்த வருஷம் ஒரு புதுப் புலம்பல் பாட்டுக் கட்டினார். கீபோர்ட் வாசித்து, தானே பாடி, அதைப் பிலோமினாவின் சின்ன மியூசிக் பிளேயரில் ஏற்றிக் கொடுத்தார். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய சாமான் அது. பிரான்சிலிருந்து மனைவியின் தங்கை மெரிட்டா அனுப்பியது. புதியது என்றுதான் சொன்னார். பெட்டியின் ஓரம் ஒருமுறை கிழித்து ஒட்டியது மாதிரி இருந்தது. நான் அப்போதே சொன்னேன், யாரும் கேட்கவில்லை.

பிளேயரைக் காதில் மாட்டிக்கொண்டு பாடினால் தன் குரல் தனக்குக் கேட்கவில்லை என்று பிலோமினா சொன்னதால், ஒரு வயர் வாங்கி வந்து எங்கள் பழைய ஸ்டீரியோ செற்றில் தொடுத்துக் கொடுத்தேன். தொடுத்ததுதான் தாமதம்… டும்! அலுமாரிக்கு மேல் மூலையில் இருந்த ஸ்பீக்கர் பெட்டியோடு சேர்ந்து அலுமாரிக் கண்ணாடியும் பாடியது.

பேஸ், அதாவது அடித்தொனி, அளவுக்கு மேல். செற்றில் இருக்கிற பேஸ் குமிழைக் குறைத்தேன். கொஞ்சம் குறைந்தது. இன்னும் குறைத்தேன். மச்சாளின் குரல் சாக்குக்குள் இருந்து வருகிற மாதிரி ஆனது, டும் மட்டும் போகவில்லை. செற்றைத் திருத்திய கடைக்காரர் ஸ்பீக்கரை மாற்றிவிட்டாரோ என்று கழற்றியும் பார்த்தேன். மாற்றவில்லை. கடைசியில், “விடுங்கோ, எனக்குச் சொல் விளங்குது, காணும்” என்றாள் பிலோமினா.

இன்னொன்று. சிலுவைப்பாதை அன்றுதான் எல்லாரும் முதன்முதலாகக் கேட்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. ஆகவே தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதனிலிருந்து, பின்னேரத்தில் ஜன்னல், கதவு எல்லாம் சாத்திவிட்டுத்தான் பாடுவாள். நானும் உதவிக்குப் போய்க் கொண்டி போடுவேன்.

கிளேரக்கா வாசலை எடுத்த அதே வாரம் சிவபாதம் வந்தான். பழைய சிநேகிதன், ஒரே கந்தோரில் வேலை செய்தவன். இப்போது முருங்கனில் வயலோடு இருக்கிறான். மகளுக்குக் கலியாணம். சொல்ல வந்திருந்தான். நான் கதவைத் திறந்தபோது படலையில் நின்றபடியே ஒரு கையை இடுப்பில் வைத்து ஆடிக் காட்டினான்.

“என்ன மச்சான், உங்கட தவக்காலம் முடியட்டும் எண்டு நான் கலியாண நாளையே தள்ளி வைச்சிருக்கிறன். நீ என்னடா எண்டால் உள்ளுக்க கதவைப் பூட்டிப்போட்டுப் பைலா போடுறாய்!”

“என்ன பைலா?”

“றோட்டுவரைக்கும் கேக்குதடா!”

உள்ளே கூட்டிக்கொண்டு வந்தேன். பிலோமினா கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தாள். சிவபாதம் அப்படியே நின்றுவிட்டான். செருப்பைக் கழற்றினான். பாட்டு முடியும்வரை கதிரையில்கூட உட்காரவில்லை. பிறகு என் கையைப் பிடித்து, “வா வெளியில” என்றான்.

கதவைச் சாத்தி, என்னைக் கிளேரக்காவின் வேலியோரம் நிறுத்தினான். உள்ளே பிலோமினா மறுபடி பாடத் தொடங்கியிருந்தாள். “இப்ப கேள்.”

கேட்டேன்.

டும்-டடா… டும்-டடா… டும்-டடா…

மச்சாளின் குரல் இல்லை. பிலோமினாவின் குரலும் இல்லை. ஒரு சொல் இல்லை. புலம்பல் ஆறெட்டுத் தாளத்தில் கட்டியது. கலியாண வீடுகளில் ஆடுகிற பைலாவுக்கும் அதே தாளம்தான். சுவர் குரலையெல்லாம் உள்ளே பிடித்து வைத்துக்கொண்டு, தாளத்தை மட்டும் ஒழுங்கைக்கு அனுப்பியிருக்கிறது! இறைச்சி தொடாத, கலியாணம் வைக்காத, றேடியோவில் சினிமாப் பாட்டுக்கூடப் போடாத ஒரு ஒழுங்கையில், விபூதிப் புதன் தொடக்கம், பின்னேரம் தவறாமல், ஒரு வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திவிட்டுப் பைலா ஆடியிருக்கிறார்கள். கேட்டால் கடவுளின் கிருபை என்கிறார்கள்.

எனக்கு வியர்த்துவிட்டது.

யாரும் வந்து கேட்கவில்லை, பாருங்கள். கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். எங்கள் ஆட்கள் கேட்க மாட்டார்கள். நமக்காகச் செபிப்பார்கள். முருங்கனிலிருந்து வந்த சைவக்காரன்தான் முகத்துக்கு நேரே கேட்டான்.

பிலோமினாவும் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். “ஏன் ரெண்டு பேரும் வேலியோட நிக்கிறியள்?” என்றவள், அப்படியே நின்று காது கொடுத்தாள். உள்ளே மச்சாளின் பாட்டுத் தானாக ஓடிக்கொண்டிருந்தது. அவளுடைய முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

“இதையோ… இத்தனை நாளும்… சனம் கேட்டது?” என்றாள். படியில் உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை வராத அழுகை அப்போது வந்தது.

“பேஸ் கூடிப்போச்சு மச்சான், வேறொண்டுமில்லை” என்ற சிவபாதம், தேத்தண்ணிகூடக் குடிக்காமல் கலியாணத்தைச் சொல்லிவிட்டுப் புறப்பட்டான்.

நான் கிளேரக்கா வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று சட்டையை மாட்டினேன். பிலோமினா மறித்தாள்.

“போய் என்னெண்டு சொல்லப் போறியள்? நாங்கள் பைலா போடேல்லை எண்டோ? எங்கப்பன் குதிருக்குள்ள இல்லை எண்ட கதையாப் போகும். முதல்ல இந்தச் சத்தத்தை நிப்பாட்டுங்கோ.”

சரிதான். நானாக இருந்தாலும், கேட்காமல் வந்து விளக்கம் சொல்கிறவனை நம்ப மாட்டேன்.

செற்றை விட்டுவிட்டு முதன்முறையாகப் பிளேயரைக் கையில் எடுத்துப் பார்த்தேன். உள்ளே எல்லாம் பிரெஞ்சு. எதை அமத்தினாலும் எங்கோ கொண்டு போய் விட்டது. ஒருமுறை மச்சாளின் பாட்டையே அழிக்கப் பார்த்தது. பயந்து மெரிட்டாவுக்கு போன் எடுத்தேன்.

“அத்தான், அதில ‘கிராவ்’ எண்டு ஒண்டு கிடக்கும். பேஸுக்கு இஞ்ச அப்பிடித்தான் சொல்லுறது. அதைச் சைபருக்குக் கொண்டு வாங்கோ. மெட்ரோச் சத்தத்துக்க கேக்க வேணுமெண்டு நான்தான் கூட்டி வைச்சனான்.”

“அப்ப இது நீ பாவிச்சதோ?”

“அத்தான்… லைன் கிளியரில்லை, பிறகு எடுக்கிறன்.”

பாருங்கள்! என் சந்தேகங்களில் ஒன்றாவது சரி வந்தது.

விஷயம் இவ்வளவுதான். இந்தச் சின்னப் பிளேயர் காதுக்குள் செருகிக் கேட்பதற்குச் செய்தது. அந்தக் குட்டி ஸ்பீக்கரில் பேஸ் எடுபடாது என்று பிளேயரில் கூட்ட வழி வைத்திருக்கிறார்கள், மெரிட்டாவும் கூட்டி வைத்திருக்கிறார். அதைச் செற்றில் தொடுத்தால் செற்றும் தன் பங்குக்குக் கூட்டுகிறது. ஒரே குழம்புக்கு மாமியும் மருமகளும் தனித்தனியே உப்புப் போட்ட மாதிரி. நானோ உப்புப் போட்ட கையை விட்டுவிட்டு, கடைசியில் வந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். குறைக்க வேண்டிய இடம் பிளேயர்.

கிராவைச் சைபருக்குக் கொண்டு வந்தேன். முழுச் சத்தத்தில் இருந்த பிளேயரைப் பாதிக்குக் கொஞ்சம் மேலே வைத்து, மிச்சத்தைச் செற்றில் கூட்டினேன். ஸ்பீக்கர் பெட்டியை அலுமாரி மூலையிலிருந்து இறக்கி, சுவரில் முட்டாமல் ஒரு கதிரையில் வைத்தேன். மூலையில் வைத்தால் சுவரும் சேர்ந்து முழங்குமாம். அதற்குப் பிறகு செற்றின் பேஸ் குமிழை ஒரு சொட்டுக் குறைத்தால் போதுமாக இருந்தது.

மச்சாளின் குரல் சாக்கிலிருந்து வெளியே வந்தது. அலுமாரிக் கண்ணாடி வாயை மூடிக்கொண்டது.

அடுத்த நாள் பின்னேரம் பிலோமினா பாட ஆயத்தமானாள். நான் வழக்கம்போல ஜன்னலைச் சாத்தப் போனேன்.

“திறவுங்கோ” என்றாள்.

“அப்ப அண்டைக்கு முதல்முதலாக் கேக்கிறது…?”

“அது போகட்டும். எல்லா ஜன்னலையும் திறவுங்கோ.”

அவளுக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்று எனக்குத் தெரியும். வாசலும் இல்லை, இனிப் புதுப் பாட்டு என்ற ஆச்சரியமும் இல்லை. திறந்தேன். அவள் வேலியைப் பார்க்காமல், படத்தைப் பார்த்துக்கொண்டு பாடினாள்.

நான் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று வேவு பார்த்தேன். வேறென்ன செய்வேன்? பக்கத்து வீட்டுக் குசினியில் தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் வேலிக்கு மேலே கிளேரக்காவின் தலை தெரிந்தது.

“பிலோமினா… உந்தப் பாட்டு நல்லாயிருக்குப் பிள்ளை. எத்தினை நாளாப் பாடுறீர்?”

“விபூதிப் புதனில இருந்து அக்கா. ஒவ்வொரு நாளும் பின்னேரம்.”

கிளேரக்கா வேலிக் கம்பியை இறுக்கிப் பிடித்தார். நான் திரைச்சீலையை இன்னும் கொஞ்சம் விலக்கினேன். இப்போது சொல்லுவார், ‘நாங்கள் பிழையா நினைச்சிட்டம்’ என்று சொல்லுவார்…

“என்னட்ட நல்ல வெள்ளைத் துணி ஒண்டுமில்லைப் பிள்ளை” என்றார். “நிலையை உங்கட வாசலிலேயே வைப்பம். எனக்கும் முழங்கால் ஏலாது.”

பைலா என்ற சொல்லை அவர் எடுக்கவில்லை. பிலோமினாவும் எடுக்கவில்லை. “ஓமக்கா” என்றாள். அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது. உள்ளே வந்து அலுமாரியைத் திறந்து துணியை எடுத்து, மடிப்புப் போக மறுபடி மினுக்கினாள். மினுக்கும்போது பாடிக்கொண்டே மினுக்கினாள். எனக்கு அன்றைக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எழுத வெட்கமாக இருக்கிறது.

சுவரைத் தாண்டிப் போவது சொல் இல்லை, டும் மட்டும்தான். இதை நான் ஸ்டீரியோவுக்கு மட்டும் சொல்லவில்லை. மிச்சத்தை வெளியில் நிற்கிறவர் தானே பாடிக்கொள்கிறார். அவர்கள் என் வீட்டின் டும்மைக் கேட்டுப் பைலா பாடினார்கள். நான் அவர்களுடைய டும்மைக் கேட்டு என்னென்னவோ பாடினேன்.

வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை வந்தது. முன்னால் சிலுவை, பின்னால் ஓட்டோவில் ஸ்பீக்கர், அதன் பின்னால் சனம். ஐந்தாம் நிலையில் பங்குச் சுவாமி சொன்ன செபம் ஒரு சொல் விளங்கவில்லை. அண்டாவுக்குள் நின்று பேசுகிற மாதிரி முழங்கியது. எங்கள் வாசலில் சிலுவை நின்றது. வெள்ளைத் துணிக்கு முன்னால் பிலோமினா மைக்கை வாங்கினாள். தொண்டையைச் செருமினாள்… டும்!

“தம்பி!” கூட்டத்துக்குள் இருந்து ஒரு குரல். கிளேரக்கா! முழங்கால் ஏலாத கிளேரக்கா ஓட்டோவைப் பார்த்து ஓடுகிறார். “உந்த பேஸைக் குறை தம்பி! பேஸைக் குறை! சொல் ஒண்டும் விளங்கேல்லை!”

பேஸ் குறைந்தது. பிலோமினா பாடினாள். ஒரு சொல் விடாமல் கடைசி வாசல்வரை கேட்டது. பாண் ஓட்டோவடியில் என்னை விட்டு ஓடிய பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் கண்ணை யாரும் பார்க்காமல் இருக்க மெழுகுதிரியைச் சரி செய்கிற மாதிரிக் குனிந்துகொண்டேன்.

குனிந்திருக்கும்போதுதான் அது தட்டியது.

கிளேரக்காவுக்கு பேஸ் என்ற சொல் எப்படித் தெரியும்? நான் சொல்லவில்லை. பிலோமினா சொல்லவில்லை. பேஸ் கதை தெரிந்தவன் வெளியில் ஒரே ஒருவன்தான். அவன் ஜன்னல் திறப்பதற்கு முதல் நாளே கிளேரக்கா வீட்டைக் கடந்துதான் போனான்!

பிலோமினாவிடம் சொன்னேன். “அவ வேலிக்கு வந்தவவோ இல்லையோ? பாட்டைக் கேட்டவவோ இல்லையோ? பேசாம இருங்கோ” என்றாள்.

இருக்க முடியுமா? சிவபாதத்துக்கு போன் எடுத்தேன்.

“சீச்சீ, நான் ஒண்டும் சொல்லேல்லை மச்சான். உன்ர பக்கத்து வீட்டு அக்காவோட சும்மா கொஞ்ச நேரம் கதைச்சனான். அவவும் போகேக்க சும்மா ஒரு கட்டு முருங்கைக்காய் தந்து விட்டவ.”

சும்மாவாம்… கிளேரக்காவின் முருங்கைக்காய்!